எரிசாராயமும் ஒரு பொம்மை விமானமும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், என் தமக்கையின் மகன் உடன்குடியிலுள்ள எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு சிறு எஞ்சினைப் பலகையில் திருகாணியிட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். ஏழரை சிசி கொள்ளளவு, உள்ளங்கையில் அடங்கிவிடும். ரேடியோ அலையால் இயக்கும் மாதிரி விமானத்துக்கு உரியது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படியொரு பித்து உண்டென்பது எனக்குத் தெரியும். தமிழ்த்துறைக்காரன் என்பதால் எட்ட நின்றே பார்த்திருக்கிறேன். எஞ்சின் அலறத் தொடங்கியதும் புகையோடு ஒரு வாடை வீட்டுக்குள் புகுந்தது. அடுக்களையிலிருந்து வெளியே வந்த என் தாயார், "ஏலே, இது என்ன, வெளக்கெண்ண வாடைல்லா அடிக்கி?" என்றார். அவர் மூக்கு தப்பவில்லை. அந்த எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு ஆமணக்கெண்ணெய்தான். மீதி நான்கு பங்கு என்னவென்று அவர் அன்று கேட்கவில்லை.

கேட்கும் நாள் விரைவிலேயே வந்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டுகொண்டிருந்தார்கள். சாவு எண்ணிக்கை 65ஐத் தாண்டியது. நாளிதழ்களில் 'மெத்தனால்' என்ற சொல் முதல் பக்கத்தில் நின்றது. அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அது என்னதுல மக்கா?" என்று தாயார் பேரனிடம் கேட்டார். அவனுக்கு மறைக்கத் தெரியவில்லை. "நம்ம எஞ்சினுக்கு ஊத்துறோம்லா ஆச்சி, அதுதான்." அன்று மாலைக்குள் அந்தத் தகரக் கலன் வீட்டுக்குள்ளிருந்து தோட்டத்து மூலைக்குப் போயிற்று; அதன் மேல் ஒரு பழைய அண்டா கவிழ்க்கப்பட்டது.

"மெத்தனால் வேண்டாம்னா எத்தனால்ல ஓட்டிப் பாக்கலாம் மாமா" என்று மருமகன் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் படிக்கத் தொடங்கினேன். பின்வருபவை அப்படிச் சேர்ந்தவை. வேதியியல் அறிந்தோர் என் சொற்களில் கரடுமுரடு கண்டால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் அந்த எஞ்சினின் கதை. 1930களில் அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்குச் சிறு பெட்ரோல் எஞ்சின்கள் வந்தபோது பெரிய தொல்லையாக இருந்தது பொறிதான். பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி வேண்டும். பொறிக்கு மின்கலம், சுருள், மின்தேக்கி எல்லாம் வேண்டும். இவற்றின் எடை எஞ்சினின் எடையையே மிஞ்சும். 1947இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இந்த மூட்டையை இறக்கிவைத்தார். அவர் கொண்டுவந்த ஒளிர்முளையில் ஒரு சிறு பிளாட்டினக் கம்பிச்சுருள் இருக்கும். தொடங்கும்போது மட்டும் ஒரு மின்கலத்தால் அதைச் சூடேற்ற வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தைக் கழற்றிவிடலாம். கம்பி தானே செந்தணலாக நிற்கும். சூடான பிளாட்டினம் எரிவளியோடும் காற்றோடும் சேர்ந்தால் சுவாலையின்றியே கனன்றுகொண்டிருக்கும் என்பதை ஹம்ப்ரி டேவி 1817லேயே கண்டிருந்தார். நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்துப் புதுமையாக இருந்தது ஒரு பொம்மைக்குள் வந்து பயன்பட்டது.

அந்தக் கனலுக்கு மிக உகந்த எரிபொருளாக அமைந்தது மெத்தனால். பெட்ரோல் இதற்கு உதவவில்லை. மெத்தனால் ஆவியாகும்போது வெப்பத்தை ஏராளமாக உறிஞ்சும்; கிலோவுக்கு ஏறத்தாழ 1100 கிலோஜூல், பெட்ரோலைப் போல மூன்று மடங்கு. ஆகவே சிற்றெஞ்சின் கொதித்துப் போகாது. ஆமணக்கெண்ணெய் அதில் நன்றாகக் கரையும். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு வேகப் போட்டிகளுக்கு வகுத்த பொது எரிபொருள் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கெண்ணெய். நம் வயல் வரப்புகளில் தன்பாட்டுக்கு வளர்ந்து நிற்கும் ஆமணக்குக்கு வான்பயணத்தோடு இருக்கும் உறவு இதனினும் பழையது. முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின் விமானங்கள் ஆமணக்கெண்ணெயில்தான் ஓடின. அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதே காரணம். மெத்தனாலில் கரைவதால் இங்கு வேண்டப்படுகிறது, பெட்ரோலில் கரையாததால் அங்கு வேண்டப்பட்டது.

இனி எத்தனால். மெத்தனாலில் ஒரு கரியணு, எத்தனாலில் இரண்டு. எஞ்சினுக்கு இந்த ஓர் அணுவின் பொருள் என்ன? ஒரு கிலோ மெத்தனால் முழுதாக எரிய ஆறரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது கிலோ. எஞ்சின் ஒரு சுற்றுக்கு உறிஞ்சும் காற்றின் அளவு மாறுவதில்லை. எனவே எத்தனாலைப் பத்துக்கு மூன்று பங்கு குறைத்தே ஊட்ட வேண்டும்; ஊசி வால்வை அந்த அளவுக்கு உள்ளே திருக வேண்டும். ஆனால் எத்தனாலின் எரிவெப்பம் கூடுதல். கிலோவுக்கு ஏறத்தாழ 27 மெகாஜூல், மெத்தனாலுக்கு 20தான். கூட்டிக் கழித்தால் திறனில் பெரிய இழப்பில்லை, எரிபொருளில் மிச்சம் உண்டு. எரிபொருளை மாற்றுவதால் கிடைக்கும் நீடிப்பு சிறியதன்று. 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்க முதியவர், ஏறத்தாழக் கண்பார்வை இழந்தவர், ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள மாதிரி விமானமொன்றை நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு அட்லாண்டிக்கைக் கடக்கச் செய்தார். ஏறத்தாழ 39 மணி நேரப் பறப்பு. அதற்கு அவர் மெத்தனாலைக் கைவிட்டு, அடுப்புக்கும் விளக்குக்கும் ஊற்றும் வெள்ளைப் பெட்ரோலையும் பழைய பொறிமுறையையும் நாடினார். மெத்தனாலைச் சுமந்துகொண்டு அந்தத் தொலைவு போயிருக்க முடியாது.

எத்தனாலில் பெரிய விமானங்களே பறந்திருக்கின்றன. 1989இல் டெக்சாஸ் பேலர் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஷாக், துணைவிமானியுடன் தூய எத்தனாலில் அட்லாண்டிக்கைக் கடந்தார். பிரேசிலில் பயிருக்கு மருந்து தெளிக்கும் 'இபனேமா' விமானம் 2004இல் கரும்பு எத்தனாலில் பறக்கச் சான்று பெற்றது. அப்படியானால் பொம்மை விமானத்துக்கு ஏன் எத்தனால் வரவில்லை? தண்ணீர் ஒரு காரணம். சாதாரண வடிப்பில் எத்தனாலை நூற்றுக்கு 95, 96 அளவுக்கு மேல் தூய்மைப்படுத்த முடியாது. எஞ்சிய நீர் ஆமணக்கெண்ணெயைக் கலங்கடிக்கும், தணலைத் தணிக்கும். நீரை முற்றாக நீக்கத் தனிச் செலவு உண்டு. ஆனால் முதற்காரணம் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. எத்தனால் குடிக்கத்தக்கது. அதுதான் அதன் குற்றம்.

தமிழில் 'எரிசாராயம்' என்று ஒரு சொல் வழங்குகிறது. ஸ்பிரிட்டைக் குறிக்க யார் எப்போது ஆக்கினார்களோ, ஆட்சித் தமிழில் பிறந்த சொற்களில் இது அபூர்வமாக உயிருள்ளது. எரிவதும் சாராயமும் ஒரே சொல்லில் ஒட்டிக் கிடக்கின்றன. அரசுகளின் வேலை இவ்விரண்டையும் பிரிப்பதாகவே இருந்து வந்திருக்கிறது. 1855இல் பிரிட்டன் ஒரு சட்டம் செய்தது. தொழிற்சாலைக்கு வரியில்லாச் சாராயம் வேண்டும், அதைக் குடியர்கள் குடித்துவிடக்கூடாது. எனவே பத்தில் ஒரு பங்கு மரச்சாராயம் சேர்க்க வேண்டும் என்றது. மரத்தை வாட்டி வடித்த அந்த மரச்சாராயத்தின் சாரம் மெத்தனால்தான். அதாவது எத்தனாலில் மெத்தனாலைக் கலந்தவர்களில் முந்தியவர்கள் கள்ளச்சாராயக்காரர்கள் அல்லர். அமெரிக்காவில் 1862இல் போர்ச்செலவுக்காகச் சாராயத்தின் மேல் விழுந்த வரி, அதுவரை ஆல்கஹாலும் கற்பூரத்தைலமும் கலந்து விளக்கெரித்த வழக்கத்தை ஒழித்து மண்ணெண்ணெய்க்கு வழிவிட்டது. தொழிலுக்கான சாராயத்துக்கு அந்த வரி நீங்க 1906 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் பெட்ரோல் தன் அரசை நிறுவிவிட்டது.

விஷம் கலந்தால் மனிதன் குடிக்க மாட்டான் என்ற நம்பிக்கை எவ்வளவு பலித்தது? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் டார்பிடோக்கள் எத்தனாலில் ஓடின. மாலுமிகள் குடித்துவிடாதிருக்க இளஞ்சிவப்புச் சாயமும் மெத்தனாலும் கலந்தார்கள். ரொட்டியில் ஊற்றி வடிகட்டினால் விஷம் போய்விடும் என்று நம்பி அதையும் குடித்தார்கள். சாயம் வேண்டுமானால் போகும்; மெத்தனால் போகாது. நம் மாநிலத்து 1959ஆம் ஆண்டு விதிகளின் பெயரையே பாருங்கள்: இயல்பு மாற்றிய சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகிய மூன்றுக்குமான விதிகள். மரச்சாமான்களுக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷையும் மதுவிலக்கு அதிகாரி கண்காணிக்க வேண்டியிருந்தது. ஒரு சமூகத்தின் தாகத்துக்கு இதைவிடத் துல்லியமான ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மெத்தனால் தானாகக் கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாக்கி, பின் பார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் கண்ணின் நரம்பை முதலில் தாக்குகிறது. எத்தனாலைச் செரிக்கும் அதே நொதிதான் இந்த வேலையையும் செய்கிறது. ஆனால் இரண்டும் எதிரே நின்றால் எத்தனாலையே அது தேர்ந்துகொள்ளும். ஆகவே மெத்தனால் நஞ்சுக்கு மருத்துவர்கள் கையாளும் முறிமருந்துகளில் ஒன்று எத்தனால். கருணாபுரத்துக் கூலித்தொழிலாளி தேடிப் போனதும், அவன் பெறாததும், காலத்தோடு கிடைத்திருந்தால் மருத்துவமனைக் கட்டிலில் அவன் உயிரைப் பிடித்துவைத்திருக்கக் கூடியதும் ஒரே திரவம்.

இத்தனையும் படித்துக்கொண்டிருந்தபோது நான் இருந்தது உடன்குடியில் என்பது என்னை விட்டு நீங்கவில்லை. பனங்காட்டு ஊர். இவ்வூர்ப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதனீர்; தடவாவிட்டால் கள். அதே மரம், அதே பாளை, அதே இரவு. சுண்ணாம்பின் காரம் நொதிகளை அடக்கிவைக்கிறது. எத்தனாலின் வரலாற்றை இங்கே ஒரு விரல் சுண்ணாம்பு தீர்மானிக்கிறது. அந்தச் சுண்ணாம்புக்குப் பின்னே சட்டம் நிற்கிறது. 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, மறுபடி தளர்ந்து, 1987 முதல் கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டன. அரசின் கடையில் விற்கும் வெளிச் சீமைப் பெயர் தாங்கிய புட்டிகளுக்கு மட்டும் விலக்கில்லை. கள் இறக்கியதாகப் பனையேறிமேல் வழக்கு, அரசு விற்றால் வருவாய் என்ற இந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. குடியை நான் போற்றவில்லை. தராசைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இந்தப் பனஞ்சாற்றைத் தொழிலாக்க முயன்ற கதை ஒன்றும் உண்டு. எங்கள் ஊர் வழியாக ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் பாரி நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் பனங்கருப்பட்டியைச் சுத்திகரித்துச் சர்க்கரையாக்கும் ஆலை இருந்தது. ஆலைக்குக் கருப்பட்டி கொண்டுவரத் திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை இரண்டடி அகலப் பாதையில் ஒரு சின்ன ரயிலை விட்டார்கள். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி 1940 வரை அது ஓடியது. ஆலைக்கு உரிமையாளரான நிறுவனத்தின் பெயர் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ். சாராய வடிப்பும் சர்க்கரை ஆலையும் ஒரே பெயர்ப்பலகையில். இப்போது தண்டவாளமும் இல்லை, ஆலையும் இல்லை. அதே குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் என்றதும் மருமகன் இன்னொன்றைச் சொன்னான். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய வி-2 ராக்கெட் எரித்தது முக்கால் பங்கு எத்தனாலும் கால் பங்கு தண்ணீரும். அந்தச் சாராயத்துக்கு மூலம் உருளைக்கிழங்கு. குலசேகரப்பட்டினத்திலிருந்து போகவிருக்கும் சிறு ராக்கெட்டுகள் திட எரிபொருளில் எழுபவை. பனைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

பனையிலிருந்து எரிபொருள் என்ற எண்ணம் எனக்கும் ஒரு மாலை முழுவதும் இனித்தது. பிறகு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கருப்பட்டியின் இனிப்பு முழுவதும் பழுதின்றி நொதித்தாலும் அரை லிட்டருக்குச் சற்று மேல் எத்தனால் கிடைக்கும். நல்ல கருப்பட்டி கிலோ 300 ரூபாய்க்குக் குறையாது. எண்ணெய் நிறுவனங்கள் ஆலைகளிலிருந்து எத்தனாலை லிட்டர் 60, 70 ரூபாய் அளவில் வாங்குகின்றன. விடிலியில் புகைக்குள் நின்று பதனீர் காய்ச்சும் பெண்ணின் உழைப்பைப் பெட்ரோல் தொட்டியில் ஊற்றுவது மூடத்தனம் என்று விளங்கிற்று. பனைக்கு நியாயம் வேண்டுமென்றால் அது வேறு வழியில் வர வேண்டும்.

இருந்தாலும் இந்த ஆசை பட்டவன் நான் முதல்வனல்லன். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை' என்று நாம் ஏளனமாகச் சொல்லும் அந்தப் பூவை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கில்பர்ட் பவுலர் 1920 வாக்கில் மோட்டார் எரிபொருளுக்காகவே ஆராய்ந்தார். நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இலுப்பைப்பூவிலிருந்து எரிசாராயம் வடித்தார்கள். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரும்புக் கழிவுப்பாகுச் சாராயத்துக்கு மதிப்பு வந்தது. 1948இல் 'பவர் ஆல்கஹால் சட்டம்' என்று மத்திய அரசே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி எரிபொருளாகும் சாராயம் நூற்றுக்கு 99.5 பங்கு தூய்மை கொண்டிருக்க வேண்டும். பெட்ரோல் மலிந்ததும் அச்சட்டம் உறங்கிப்போயிற்று. 2000இல் பயனற்றதென்று நீக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால் மூன்றே ஆண்டுகளில், 2003 ஜனவரியில், ஒன்பது மாநிலங்களில் பெட்ரோலில் ஐந்து விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022இல் அது பத்தாகி, 2025இல் இருபதைத் தொட்டது. இன்று உடன்குடிச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு இருசக்கர வண்டியும் ஐந்தில் ஒரு பங்கு சாராயத்தில் ஓடுகிறது. எவரும் அதைக் குடிக்க மாட்டார்கள் என்று அரசு நம்பக் காரணம், மீதி நான்கு பங்கு பெட்ரோல் என்பதே. பெட்ரோலும் ஒருவகையில் இயல்பு மாற்றும் நஞ்சுதான்.

மருமகனின் சோதனைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒரு லிட்டர் தூய எத்தனாலை முறைப்படி வாங்க அவனால் இயலவில்லை. கேட்ட இடமெல்லாம் உரிமம் எங்கே என்றார்கள். கள்ளக்குறிச்சி நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. வேறு மாநிலத்தில், உரிமம் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில், தன் நண்பரின் மேற்பார்வையில் பின்னர் செய்து பார்த்துத் தொலைபேசியில் சொன்னான். மெத்தனாலில் கால் பங்கைக் கழித்து எத்தனால் சேர்த்தபோது எஞ்சின் வேறுபாடே காட்டவில்லை. பாதிக்குப் பாதியில் ஊசி வால்வைத் திருக வேண்டி வந்தது. சுற்று சற்றுக் குறைந்தது. முழு எத்தனாலில் குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுத்தது. இன்னும் சூடாக நிற்கும் முளையை மாற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு விட்டு, விசிறியைப் பலமுறை சுற்றிய பின் பிடித்துக்கொண்டது. மின்கலத்தைக் கழற்றியதும் இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை நின்றது. அதே கொள்ளளவுள்ள தொட்டி முன்னிலும் நெடுநேரம் வந்தது என்று சொல்லும்போது அவன் குரலில் சிறு பிள்ளையின் துள்ளல்.

"அப்ப இனிமே எத்தனால்தானா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. இப்ப யாரு எஞ்சின் வாங்குதா? எல்லாம் லித்தியம் பேட்டரி, மோட்டார்தான். சத்தமும் இல்ல, வாடையும் இல்ல. நானும் மாறிட்டேன்."

உண்மைதான். இருபது ஆண்டுகளாகவே மின்மோட்டார்கள் இந்தச் சிற்றெஞ்சின்களை ஓரங்கட்டி வந்திருக்கின்றன. ஆர்டனின் ஒளிர்முளை இனி ஆர்வலர் சிலரின் பெட்டிகளில்தான் கிடக்கும்.

மீதமிருந்த மெத்தனாலை அவன் அடுத்த விடுமுறையில் வந்து பத்திரமாக எடுத்துப்போனான். அவனுடைய மன்றத்தில் முறைப்படி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிட்டதாகச் சொன்னான். எஞ்சின் மட்டும் பழைய வேட்டித் துணியில் சுற்றி எங்கள் அலமாரியில் இருக்கிறது. துருவேறாமலிருக்க உள்ளே சில சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டு வைத்திருக்கிறான். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் வாடை வருகிறது. தாயார் அதைப் பொருட்படுத்துவதில்லை. தோட்டத்து மூலையில் கவிழ்த்த அண்டாவை மட்டும் மூன்று முறை புளிபோட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதன் பிறகும் அடுக்களைக்குள் எடுக்காமல் புறவாசலிலேயே வைத்திருக்கிறார்.